பறவைகள் பார்க்கும் பக்கம்

லாரிக்காரருக்கு இருபத்திரண்டு வருஷமாக வீடு என்றால் ஸ்டியரிங், உலகம் என்றால் முன்கண்ணாடி. அப்படிப்பட்டவரைப் பத்தடிக்குப் பன்னிரண்டடி மருத்துவமனை அறை ஒன்றில் அடைத்துவைத்து நூற்றுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஒரு கட்டில், ஒரு இரும்பு அலமாரி, ஒரு நாற்காலி, ஓரத்தில் குளியலறை. அறைக் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் விசிறி சுவரின் மேல்மூலையில் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது, கியர் போடாமல் நிற்கும் வண்டியைப் போல. ஜன்னல் ஒன்று உண்டு. முழுக் கண்ணாடி, திறக்க வழி கிடையாது.

வந்திருந்தது காசநோய், அதிலும் மருந்துக்கு மசியாத ரகம். அது மசியாமல் போனதற்குக் காரணமும் அவரேதான். மூன்று வருஷத்துக்கு முன் முதல்முறை வந்தபோது, ஆறு மாதம் போடவேண்டிய மாத்திரையை இரண்டே மாதத்தில் நிறுத்தினார். இருமல்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு என்ற நினைப்பு. திரும்ப வந்தபோது வீட்டில் மூச்சுவிடவில்லை. ரோட்டுத் தூசி என்றார், பனி என்றார். ரத்தம் பட்ட கைக்குட்டையை வழியிலேயே எறிந்துவிட்டு வந்தார். முழுப் பூசணிக்காயை எட்டு மாதம் சோற்றில் மறைத்தார். கடைசியில் ஏழு வயது மகளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்து, சோதித்துப் பார்த்தபோது அவள் உடம்பிலும் கிருமி இருந்தது. முற்றவில்லை, தினமும் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அந்த மாத்திரையைப் பொடிசெய்து கொடுத்தாலும் குழந்தை வாந்தியெடுத்தாள்.

அன்றோடு மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை பார்த்தாள். விடுமுறை ஞாயிறு ஒன்றுதான். அந்த ஞாயிறுதோறும் தவறாமல் வந்தாள். துணிப்பையைக் காவலரிடம் கொடுப்பாள், மகளை ஜன்னலுக்கு முன் நிறுத்துவாள், தான் பத்தடி தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். இவர் செல்போனில் அழைத்தால் எடுப்பாள், மாத்திரை போட்டாச்சா என்று கேட்பாள், பதில் வருமுன் வைத்துவிடுவாள். அந்த முதுகைப் பார்த்தே நான்கு மாதம் ஓடியது.

புத்தகம் கிடைத்தது ஒரு தற்செயல். அலமாரியின் கீழ்த்தட்டில் விரித்திருந்த பழைய காகிதத்தை மாற்றும்போது, அதற்கடியில் தட்டையாகக் கிடந்தது. பழைய எகிப்தியர்களின் பட எழுத்தைப் படிக்கவும் வரையவும் கற்றுத்தரும் பாடநூல். முன்பு அந்த அறையில் இருந்த யாரோ பென்சிலால் பயிற்சிகளைச் செய்திருந்தார்கள். பதினான்காம் பாடத்தோடு பென்சில் நின்றுபோயிருந்தது. மாத்திரை கொண்டுவந்த நர்ஸிடம் காட்டிக் கேட்டார். நர்ஸ் முகக்கவசத்துக்கு மேலே கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அது ஒரு வாத்தியாருடையது, அவர் போய்விட்டார் என்றார். எங்கே போனார் என்று லாரிக்காரர் கேட்கவில்லை. போய்விட்டார் என்பதற்கு நம் பாஷையில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர் அவர். வேறு வழியில்லாமல்தான் புத்தகத்தைப் பிரித்தார். முதல் எழுத்து கழுகு, இன்னொன்று ஆந்தை. அவர் வரைந்த ஆந்தையைப் பார்த்து, "என்னண்ணே, குக்கருக்குக் காது முளைச்சிருக்கு?" என்று கேட்டார் நர்ஸ். லாரிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று மட்டும் முப்பது ஆந்தை வரைந்தார். முப்பதாவது, ஆந்தை மாதிரி இல்லாவிட்டாலும், குக்கர் மாதிரியும் இல்லை.

போகப்போகப் பிடிபட்டது. அலையலையாக ஒரு கோடு போட்டால் தண்ணீர், அதன் ஒலி 'ந்'. வாயை வரைந்தால் 'ர்'. கால் வரைந்தால் 'ப்'. ஆந்தைக்கு 'ம்'. உயிரெழுத்தை அவர்கள் எழுதுவதே இல்லையாம், மெய்யை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லறையில் எழுதினவர்களுக்கு மெய்தானே மிச்சம் என்று லாரிக்காரர் தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சில கல்லறைகளில் பாம்பு எழுத்தை இரண்டு துண்டாக வெட்டித்தான் வரைவார்களாம். உள்ளே கிடப்பவரை அது கடித்துவிடக் கூடாது என்று. அந்தப் பக்கத்தை அன்றைக்கு மூடி வைத்துவிட்டார். அடைத்துவைத்த இடத்திலேயே கூட இருப்பது கடிக்கும் என்பது அவருக்குப் புதிய செய்தி இல்லை.

அவருக்கு ரொம்பவும் பிடித்தது ஒரு விதி. இந்த எழுத்தை வலமிருந்தும் எழுதலாம், இடமிருந்தும் எழுதலாம். பறவையும் விலங்கும் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ, அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கவேண்டும். எதிரே வரும் வண்டியின் முகத்தைப் பார்த்து ஓட்டுகிற மாதிரி. இதற்கு எட்டாவதே அதிகம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மகள் வந்தாள். போனைக் கையில் கொடுத்தால் அவள் 'ம்', 'ம்ஹூம்' தவிர வேறு பேசமாட்டாள். இவர் நர்ஸிடம் கேட்டு வாங்கிய மார்க்கர் பேனாவால் அவள் பெயரைக் கண்ணாடியில் எழுதினார். வெளியே அது உள்வெளி மாறிய சட்டை மாதிரி இடவலம் மாறித் தெரிந்தது. குழந்தை எழுத்துக் கூட்டிப் பார்த்து, வராமல் உதட்டைப் பிதுக்கினாள். லாரிக்காரர் அதை அழித்துவிட்டு, பெயரிலிருந்த மெய்களைப் படமாக எழுதினார். கால், தண்ணீர், ஆந்தை. எழுதிவிட்டுத்தான் அவருக்கே உறைத்தது. இங்கே வலப்பக்கம் பார்க்கும் ஆந்தை அங்கே இடப்பக்கம் பார்க்கும். அவள் இடமிருந்து வாசிப்பாள். இரண்டு பக்கமும் சரி, இரண்டு பேருக்கும் சரி. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பெயர் பெயராகவே இருந்தது.

மகள் விரலால் வெளியே அதே கோடுகளின் மேல் வரைந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் விரலும் கூடவே போனது. பத்தடி தள்ளி நின்றவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி முதுகு.

வெளியே விட அடுத்தடுத்து இரண்டு சோதனைகள் தேறவேண்டும். சளியைக் குழாயில் வைத்து ஆறேழு வாரம் கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் சோதனையில் முளைக்கவில்லை. லாரிக்காரர் மனசில் பாதி மூட்டை கட்டிவிட்டார். இரண்டாவதில் முளைத்துவிட்டது. டாக்டர் அதை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, கணக்கு மறுபடி ஒன்றிலிருந்துதான் என்று முடித்தார்.

அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டு வந்துபோனபின், அவர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நடந்தார். உள்கதவுக்குப் பூட்டு இல்லை. வெளிக்கதவில் தாழ்ப்பாள் மட்டும். காவலர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், வெளியே வந்தாயிற்று.

வெயில் கண்ணில் அறைந்தது. வீடு ஐந்து கிலோமீட்டர். ஒரு பேருந்து தானாகவே பக்கத்தில் நின்றது. கதவு திறந்ததும் முன் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் தெரிந்தாள். வேண்டாம், நீங்க போங்க என்று கையசைத்துவிட்டார். ஒரு காலத்தில் எண்ணூறு கிலோமீட்டரை ஒரே மூச்சில் தள்ளியவர், அந்த ஐந்தைக் கடக்க நான்கு இடத்தில் உட்கார்ந்தார். நெஞ்சு துருத்திபோல அடித்தது. திறந்திருக்கும் ஒரு வாசலைப் பார்க்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவே.

தெருமுனை திரும்பியதும் மகள் பார்த்துவிட்டாள். பள்ளிப்பையைக் கீழே போட்டுவிட்டு "அப்பா" என்று ஓடிவந்தாள். அவர் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். நீட்டிய கையை அப்படியே திருப்பி, நில் என்று காட்டினார்.

"கிட்ட வராத. அங்கயே நில்லு."

குரல் அவர் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. குழந்தை நின்றாள். அழக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி நின்றாள். இவர் பின்னால் நடந்தார், ஒவ்வோர் அடியாக, சொந்த மகளைப் பார்த்துப் பயந்து பின்வாங்குகிறவரைப் போல. சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கவேண்டும், தலையில் கட்டிய துணி அப்படியே இருந்தது. மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தெருவின் நடுவில் வந்து நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"அங்க மூச்சு முட்டுது."

"எங்களுக்கும்தான் முட்டியிருக்கணும். எட்டு மாசம் உங்க பக்கத்துலதானே படுத்திருந்தோம்."

இத்தனை மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். லாரிக்காரர் மதில்சுவரைப் பிடித்துக்கொண்டார். தூசி, பனி, வண்டி, முதலாளி என்று நாக்கு நுனிவரை எல்லாம் வந்தது. அத்தனையையும் விழுங்கினார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "முதல்ல ரத்தம் பாத்தன்னைக்கே தெரியும். வண்டியவிட்டு இறக்கிடுவாங்கன்னு பயந்து மறைச்சேன். புள்ளையப் பத்தி நெனைக்கல. தப்பு என்மேலதான்."

அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தோளில் போட்டாள்.

"இத போன்ல சொல்லியிருக்கலாமில்ல."

"வெச்சிடுவியே."

"வெச்சிருப்பேன்தான். திரும்பக் கூப்பிட்டிருக்கணும்."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, நடங்க என்றாள். அவர் முன்னால், அவள் பத்தடி பின்னால். அவர் உட்கார்ந்த இடத்திலெல்லாம் அவளும் தூரத்தில் உட்கார்ந்தாள். மகளுக்கு எந்த மாத்திரையை எதில் கலந்து கொடுத்தால் தங்குகிறது, சலவை நிலையத்தில் யாரோடு சண்டை, தண்ணீர்க் குழாய் எப்படி உடைந்தது, எல்லாவற்றையும் அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் திரும்பாமல் கேட்டுக்கொண்டே நடந்தார். மருத்துவமனை வாசலில் காவலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வெளிக்கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி திரும்பும் சத்தம் ஒரு நாளைக்கு ஆறுமுறை கேட்டது. முன்பு நினைத்தால் போகலாம் என்ற நினைப்பாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. விசிறியின் உறுமல் மண்டைக்குள்ளேயே ஓடியது. இரண்டு நாள் அவர் பென்சிலைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பதினைந்தாம் பாடத்தைத் திறந்தார். அதில் வாத்தியாரின் கோடு ஒன்றுகூட இல்லை. தப்பானாலும் தன் தப்புதான் என்று தொடங்கினார்.

ஞாயிறன்று மனைவி மகளோடு ஜன்னலுக்கு நேராக வந்து நின்றாள். அவளே போனை எடுத்து அழைத்தாள். கண்ணாடியில் இருந்ததைக் காட்டி, இது என்ன என்றாள். கீழே வழிவிட்ட ஒரு கட்டம், அதற்கடியில் ஒரு வாய், அதற்கும் கீழே நடக்கும் இரண்டு கால்கள். கட்டம்தான் வீடு என்றார் லாரிக்காரர். மூன்றும் சேர்ந்தால் வெளியே போவது என்று அர்த்தம். கால் உச்சரிப்புக்கு இல்லை, நடக்கிற விஷயம் என்று காட்ட மட்டும்.

"வாய் எதுக்கு?"

"அது சும்மா ஒலிக்குத்தான்."

"நீங்க வாயத் தொறந்தாத்தான் வெளிய வர முடியும்னு எழுதியிருக்காங்கன்னு நெனைச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார், மகளும் காரணம் தெரியாமல் கூடவே.

ஏழு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை அடுத்த முடிவு வந்தது. முளைத்ததும் இல்லை, முளைக்காததும் இல்லை. குழாயில் வேறு ஏதோ பூஞ்சை பட்டுக் கெட்டுவிட்டதாம், மறுபடி எடுக்கவேண்டும் என்றார்கள். லாரிக்காரர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஞாயிறுவரை சொல்லாமல் வைத்திருக்கலாம், இரண்டு நாளாவது அவள் நிம்மதியாக இருப்பாள் என்று ஒரு யோசனை தலைகாட்டியது. பழைய யோசனை, பழைய குரல். அவர் போனை எடுத்தார்.

அவள் வேலையில் இருந்தாள். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

"சோதனை கெட்டுப்போச்சு. திரும்ப எடுக்கணும்" என்றார். "இன்னும் ஏழு வாரம் ஆகும். அதுக்கப்புறமும் இன்னொண்ணு தேறணும். எப்ப விடுவாங்கன்னு எனக்கே தெரியல."

இரைச்சல் மட்டும் கேட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தார். பிறகு இரைச்சல் தேய்ந்தது. அவள் வெளியே, எங்கோ ஒதுக்குப்புறமாக வந்திருக்கவேண்டும்.

"சரி" என்றாள். "சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று உண்மையைச் சொன்னார்.