பத்தால் வகுக்க முடியாத பதினோரு நிமிஷம்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணியிலிருந்து ஏழு பதினொன்று வரை, நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லாமல் பேசினேன். நீங்கள் நம்பப் போவதில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் இதைச் சொன்னால் கேட்கிறவன் சிரித்து, வேட்டி அவிழ்ந்து, அதைக் கட்டிக்கொண்டு மறுபடி சிரிப்பான்.

என் பேச்சுக்கு அங்கே ஒரு கணக்கு உண்டு. கோவிந்தராஜ் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். அந்த மழைக்காலத்தில் ஒரு கொசு என் சைக்கிள் கேரியரில் ஏறிப் பட்டாபிராம் வரை வந்தது, இறங்கும்போது நன்றி சொன்னது என்றேன். 'கோவிந்தராஜைக் கொசு கடித்திருக்கிறது' என்று எடுத்துக்கொண்டார்கள். நியாயமான கணக்குதான்.

பக்கத்து வீட்டுப் பிரகாசம் எங்கள் ஃபாக்டரியில் வெல்டர், என் சீட்டாட்டக் கூட்டாளி. முந்தின வருஷம் அவனுக்கு மலேரியா வந்தது. காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை, பிறகு ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி சாகப் பதினாலு நாள் செங்கல் நிற மாத்திரை. காய்ச்சல் இறங்கியதும் ஐயா செங்கல் மாத்திரைகளைக் குரோட்டன்ஸ் தொட்டியில் புதைத்துவிட்டார். குரோட்டன்ஸுக்கு அதற்குப் பிறகு காய்ச்சலே வரவில்லை. இவனுக்கு மறுபடி வந்தது. இரண்டாவது தடவையும் ஒரே ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, வயிறு எரிகிறது என்று சொல்லி நிறுத்தினான். மறுபடியும் வந்தது.

மூன்றாவது தடவை அவன் மனைவி ஜெயசீலி பொறுப்பேற்றாள். கான்வென்ட்டில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முத்தாபுதுப்பேட்டை டாக்டரிடம் போனபோது நானும் துணைக்குப் போனேன். "பதினாலு நாள். சாப்பிட்ட பிறகு. ஒரு நாள் விடக்கூடாது" என்றார் டாக்டர். அவ்வளவு போதும் என்று ஜெயசீலி சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் டாக்டர் பிரகாசத்திடம் சொன்னார்: "யூரின் கறுத்துப் போனாலோ கண் மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே வரணும். நாளைக்கு இல்ல." பிரகாசம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலண்டரில் பதினாலு கட்டம். தினமும் இட்லி, மாத்திரை, தண்ணீர். அதன்பின் வாயைத் திற, நாக்கைத் தூக்கு. பிரகாசம் தூக்குவான். ஜெயசீலி கட்டத்தில் டிக் போடுவாள்.

நாலாம் நாள் காலை பிரகாசம் பின்பக்கச் சுவரோரம் வந்து நின்றான். கையில் காகிதம் சுற்றிய கண்ணாடி பாட்டில்.

"மாமே, இத்தெ கொஞ்சம் பாரு."

பார்த்தேன். உள்ளே யூரின். இருபது வருஷம் பெயிண்ட் செக்‌ஷனில் நிறம் பார்த்த கண்.

"எப்போலேர்ந்து?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

"ஜெயசீலி கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பீட்ரூட்டுன்னுச்சு."

"பீட்ரூட் தின்னியா?"

"அது ஞாயித்துக்கெழம மாமே."

அவன் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. என் வீட்டுப் பின்வாசலுக்கு இரண்டே படி. ஏறியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

அவனை அழைத்துக்கொண்டு போனேன். ஜெயசீலி ஒரு கையில் டம்ளரும் மறு உள்ளங்கையில் செங்கல் மாத்திரையுமாக நின்றிருந்தாள். பழக்க தோஷம், முதலில் என் வழக்கப்படியே ஆரம்பித்தேன்.

"ஜெயசீலி, உன் ஊட்டுக்காரன் தாரா ஊத்துறான். அம்பத்தூர் வரைக்கும் ரோடு போட்டுடலாம்."

அவள் பத்தால் வகுத்தாள்.

"சீட்டாட்ட சிநேகிதமாண்ணே? போன வாட்டி வயித்தெரிச்சல், இந்த வாட்டி தாரா? மூணாங்கிளாஸ் பசங்க இத விட நல்லா சாக்கு சொல்லுங்க." புருஷன் பக்கம் திரும்பினாள். "ம், வாயத் தொற."

பிரகாசம் திறந்தான். அவனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. மாத்திரை அவன் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு.

"ஜெயசீலி," என்றேன், "டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னாரு. முதல் விஷயத்துக்கு நீ இருந்தே. ரெண்டாவதுக்குக் கடைக்குப் போயிட்டே. யூரின் கறுத்தா மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே வரச் சொன்னாரு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து இப்படி இருக்கு. பால் ஊத்தாத டீ நிறம். கண்ணு மஞ்சளா இருக்கு. ரெண்டு படி ஏறினதுக்கு மூச்சு வாங்குது."

அவள் காத்திருந்தாள். என் பேச்சில் இதற்குப் பிறகு ஒரு யானையோ வெள்ளமோ வந்தாக வேண்டும்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"தார்னீங்களே?"

"தார் இல்ல. டீ."

"எத்தினி பேரு பாத்தாங்க? ஆவடியே பாத்துதா?"

"நான் ஒருத்தன்தான்."

டம்ளர் கீழே இறங்கியது. "இன்னாண்ணே, பெருசாக்காம பேசறீங்க. பயமா கீது."

பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிரகாசத்தின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். மறுபடி பாட்டிலைப் பார்த்தாள். டாக்டர் அதைச் சொன்னபோது யார் யார் இருந்தார்கள், எந்த வார்த்தையில் சொன்னார் என்று குறுக்கு விசாரணை செய்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். மாத்திரையைக் கவரில் போட்டு மூடிவிட்டு ஆட்டோவுக்கு ஓடினாள். மணி ஏழு பதினொன்று.

டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், ஒரு கடிதம் எழுதினார், நேராக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சில பேர் ரத்தத்தில் ஒரு சத்து பிறவியிலேயே குறைவாம். ஊருக்கெல்லாம் நல்லது செய்யும் அந்த மாத்திரை அவர்கள் உடம்பில் மட்டும் ரத்த அணுக்களை உடைக்குமாம். பிரகாசத்துக்கு ரத்தம் பாதியாக இறங்கியிருந்தது. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். நான் நாற்பது பாட்டில் கொடுத்தேன். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்கள்.

"இன்னைக்கு மாத்திரை குடுத்தீங்களா?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார்.

"கைல இருந்துச்சு," என்றாள் ஜெயசீலி. "குடுக்கல."

"நல்லது," என்றார் அவர். இந்த மாத்திரை இவருக்கு ஆகாது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் யூரின் தெளிந்தது. எங்கள் செக்‌ஷன் கஜபதி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். வார்டில் நான் விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"பதினோரு நிமிஷம் நெசம் பேசுனானாம்," என்றான் கஜபதி. "பத்தால வகுத்தா ஒரு நிமிஷம். அதுவும் நான் நம்பமாட்டேன். இன்னாம்மா, நீயும் நம்பலதானே?"

ஜெயசீலி கட்டிலோரம் உட்கார்ந்து பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையைப் பிரகாசத்தின் வாயில் வைத்தாள்.

"நம்பலண்ணே," என்றாள். "கைல மாத்திரைய வெச்சிகினு நம்பாமதான் நின்னேன். ஆனா அன்னிக்கு அந்தப் பதினோரு நிமிஷம் அவரு ஒரு வார்த்த கூட்டிச் சொல்லல. நடந்துச்சு."