கம்பெனிக் கருவியும் மச்சானின் கூடையும்

சொத்துக்காக முறைத்துக்கொண்ட மச்சான் மாப்பிள்ளைகளை மலர் நிறையப் பார்த்திருக்கிறாள். சீர்வரிசையில் குறை, பந்தியில் சரியாகக் கவனிக்கவில்லை, கோயில் கமிட்டியில் ஓட்டு மாறிவிட்டது என்று எஸ்டேட்டில் சண்டைக்குக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு மென்பொருளின் உரிமத்துக்காக ஒரு குடும்பம் இரண்டுபட்டது, அவளுக்குத் தெரிந்து இந்த மலையில் இதுதான் முதல் தடவை. அந்தப் பெருமை தேடிப்பிடித்துத் தன் வீட்டுக்கா வரவேண்டும் என்றுதான் அவளுக்கு ஆற்றாமை.

அதுவும் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கும் நேரத்தில். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். மலருக்கு இருப்பது ஒரே அண்ணன், லிங்கேஸ்வரன். அவன் அவள் கணவன் கனகராஜோடு பேச்சை நிறுத்திவிட்டான், வீட்டுப் பக்கமும் வருவதில்லை. மண்டபம் பேசியாகிவிட்டது, ஆசாரி ஈப்போவிலிருந்து வரச் சம்மதித்துவிட்டார், மடி மட்டும்தான் பாக்கி.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் அவர்கள் இருவரையும் பிரித்து வைப்பதுதான் மலருக்கு வேலையாக இருந்தது. கனகராஜ் கிள்ளான்காரன். மாவட்ட அலுவலகத்தில் கணினிப் பிரிவு அதிகாரியாகத் இந்த மலையூரான தானா ராத்தாவுக்கு மாற்றலாகி வந்து, எஸ்டேட் தமிழ்ப்பள்ளி ஆசிரியையான மலரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டவன். லிங்கேஸ்வரன் எஸ்டேட்டில் பிறந்து, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா முடித்து, தேயிலை ஃபேக்டரியில் டெக்னீஷியனாக இருப்பவன். தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, மச்சானோடு லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சரிவைப் பார்க்கப் போனான். ஆட்டுக்கறி ஆறிப்போகும்வரை இருவரும் திரும்பவில்லை. திரும்பியபோது கையில் ஒரு திட்டம் இருந்தது.

அதற்கு ‘மண்காவல்’ என்று பெயர் வைத்தார்கள். சரிவில் சின்னச் சின்ன உணர்கருவிகளை நட்டு, மழையில் மண் ஊறி நகர ஆரம்பித்தால் கீழே இருக்கிறவர்களின் கைப்பேசி அலறும்படி செய்யும் மென்பொருள். பள்ளத்தாக்கில் இருக்கும் லெம்பா பெர்த்தாமில் ஒரு தடவை சேறு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த யாருக்கும் இது எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. எழுதியதை அப்படியே எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். திரிங்காப் காய்கறித் தோட்டத்துச் சீனப் பையன் ஒருவனும் ஈப்போவில் படிக்கும் பிள்ளைகள் சிலரும் வந்து சேர்ந்தார்கள்.

கை கூடக்கூடக் குழப்பமும் கூடியது. ஒருவர் திருத்தியதை இன்னொருவர் தெரியாமல் அழித்தார். யார் எதை மாற்றினார்கள் என்று குறித்துவைத்து, பல பேர் செய்த திருத்தங்களைச் சிக்கில்லாமல் ஒன்று சேர்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அப்படிப்பட்ட கருவியைக் காசுக்கு விற்றுவந்தது. மண்காவல் போன்ற திறந்த திட்டங்களுக்கு மட்டும் இலவசமாகக் கொடுப்பதாகவும் அறிவித்திருந்தது. கனகராஜ் விண்ணப்பம் போட்டான்.

திட்டத்தில் பங்களிப்பவர்கள் யார் யார் என்று கம்பெனி கேட்டது. இங்கேதான் வினை ஆரம்பித்தது. கனகராஜுக்குப் பட்டியல் என்றாலே கோயில் திருவிழா நோட்டீஸ்தான் தெரியும். அதற்கு முந்திய ஆடித் திருவிழா நோட்டீஸில் லிங்கேஸ்வரன் பெயர் விட்டுப்போய், அவன் தேர் இழுக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டே இழுத்ததைக் கனகராஜ் மறக்கவில்லை. பெயரை விட்டால்தான் சண்டை வரும், சேர்த்தால் யாருக்குக் கோபம் வரப்போகிறது? ஆகவே முதல் பெயராக லிங்கேஸ்வரனைப் போட்டான். பிறகு தன் பெயர், மலர், ஈப்போப் பிள்ளைகள், திரிங்காப் பையன். மாமனார் சிங்காரத்தை ஆலோசகர் என்று போட்டான். கணினியை அவர் தொட்டதே இல்லை, தூசி தட்டும்போது தவிர. மாமியார் வேலாயியை விருந்தோம்பல் பொறுப்பாளர் என்று போட்டான். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று மலரும் ஒப்புக்கொள்வாள்.

கம்பெனிக்காரர்கள் அசந்துபோயிருக்க வேண்டும். கருவியோடு எல்லாருக்கும் சட்டையும் அனுப்பினார்கள். சிங்காரம் கம்பெனிப் பெயர் போட்ட சட்டையோடு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், கேட்டவர்களிடமெல்லாம் தான் ஆலோசகர் என்று சொல்லிவிட்டு வந்தார். என்ன ஆலோசனை என்று ஒருவரும் கேட்கவில்லை, நல்ல காலம்.

கருவியோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. பட்டியலில் இருக்கிற யாரும் அதே வேலையைச் செய்யும் வேறு கருவி ஒன்றை உருவாக்கக் கூடாது. கனகராஜ் அதைப் படிக்கவில்லை. கோயிலுக்கு யாராவது மணி வாங்கிக் கொடுத்தால் நிபந்தனை கேட்டா மாட்டுகிறோம்? நன்றி சொல்லி, ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தை அமுக்கிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டான்.

லிங்கேஸ்வரன் அதைப் படிக்கவில்லை, ஏனென்றால் அவனிடம் யாரும் காட்டவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், எஸ்டேட்டில் தான் இருக்கும் டிவிஷனில் மழை வந்தால் இணையம் போய்விடும், இணையம் போனால் கம்பெனிக் கருவி அசையாது என்பதுதான். மழைக்காகச் செய்த திட்டத்தின் கருவி மழையில் படுத்துக்கொண்டால் எப்படி? ஃபேக்டரி வேலை முடிந்த சாயங்காலங்களில் உட்கார்ந்து, இணையம் இல்லாமலே வேலை செய்யும் கருவி ஒன்றைத் தானே எழுதினான். பறித்த கொழுந்தைப் போட்டு வைப்பதுபோல எல்லாருடைய திருத்தத்தையும் போட்டு வைப்பதால் அதற்குக் ‘கூடை’ என்று பெயர். அதன் திரையில் வரும் தமிழ், மலாய்ச் சொற்களை எழுதிக் கொடுத்தவள் மலர். கூடையையும் அவன் திறந்தே வைத்தான். உலகமே பார்க்கலாம் என்று வைத்ததைக் கம்பெனியும் பார்த்தது.

கம்பெனி எழுதிய கடிதத்தில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஒன்று, திரு. லிங்கேஸ்வரன் கூடையை நிறுத்தவேண்டும். அல்லது பட்டியலிலிருந்து விலகவேண்டும். இரண்டும் இல்லையென்றால் வருத்தத்தோடு உரிமத்தைத் திரும்பப் பெறுவோம். கனகராஜுக்குச் சோறு இறங்கவில்லை. மச்சானிடம் சொல்ல இரண்டு தடவை ஃபேக்டரி வாசல்வரை போய், இரண்டு தடவையும் தேயிலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பினான். கடைசியில், மழைக்காலம் முடியும்வரை ஒரு தற்காலிக ஏற்பாடு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் சத்தமில்லாமல் அந்தப் பெயரை மட்டும் நீக்கினான்.

அவன் மறந்தது ஒன்றுதான். யார் எதை மாற்றினாலும் எல்லாருக்கும் உடனே தெரிவிப்பதுதானே அந்தக் கருவியின் வேலை. அது தன் கடமையைச் செய்தது. ‘கனகராஜ், லிங்கேஸ்வரனை நீக்கினார்’ என்று ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் செய்தி போனது. அன்று மாலையே கம்பெனிச் சட்டை துவைத்து, தேய்த்து, பிளாஸ்டிக் பையில் மலர் வீட்டுக் கதவில் தொங்கியது. அண்ணனின் மோட்டர் சைக்கிள் சத்தம் இறக்கத்தில் போவதை மட்டும்தான் அவள் கேட்டாள்.

அடுத்த நாட்களில் மலர் பெற்றோர் வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாக நடந்து களைத்தாள். நோட்டீஸில் பெயர் விட்டதற்கே அப்படி இருந்தவன், போட்ட பெயரை எடுத்தால் சும்மா இருப்பானா என்று அப்பா கேட்டார். ஆலோசகராகப் பதவியேற்ற பிறகு அவர் சொன்ன முதல் ஆலோசனை அது. அம்மாவோ, மகன் பெயர் இல்லாத இடத்தில் தன் பெயர் எதற்கு, இன்றைக்கே எடுக்கச் சொல் என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டாள். அப்பாவும் சட்டையைக் கழற்றிப் போட்டார், கொஞ்சம் மனசில்லாமல்தான்.

மலர் அன்று கணவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“என் பேரையும் எடுத்துருங்க.”

“நீ எதுக்கு?”

“கூடையில இருக்கிற எழுத்தெல்லாம் நான் எழுதுனது. உங்க கம்பெனி சட்டப்படி நானும் குத்தவாளிதான்.”

கனகராஜ் அவள் பெயரையும் எடுத்தான். ஈப்போப் பிள்ளைகள் தாங்களாகவே விலகினார்கள். திரிங்காப் பையன், லிங்கா அண்ணன் இல்லாவிட்டால் தனக்கும் வேண்டாம் என்று மலாயில் எழுதி அனுப்பினான். பட்டியலில் கனகராஜ் மட்டும் தனியாக நின்றான். கம்பெனி அப்போதும் பெருந்தன்மையை விடவில்லை. இனி நிபந்தனைக்கு ஒரு குறையும் இல்லை, அவர் ஒருவரே விருப்பப்பட்ட காலம்வரை இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

அதைப் படித்துவிட்டு அவன் திரையை மலர் பக்கம் திருப்பிக் காட்டினான். பல பேர் கைகளை ஒன்று சேர்க்கும் கருவி, ஒருவனுக்கு எதற்கு? அவனைப் பார்க்க மலருக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. கொஞ்சம் கழித்து அவன், தந்த உதவிக்கு நன்றி, திருப்பித் தந்துவிடுகிறேன் என்று எழுதினான். எழுதி முடித்து, பழைய பதிவுகளையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மச்சானை முறையாகப் போய் அழைக்கலாம், தட்டு எடுத்து வை என்றான். மலருக்கு உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு போனார்கள். குழந்தை கனகராஜ் தோளில் இருந்தது. லிங்கேஸ்வரன் சரிவிலிருந்து பிடுங்கி வந்த உணர்கருவி ஒன்றை வாசலில் வைத்துச் சேறு துடைத்துக்கொண்டிருந்தான். வாங்க என்றான், எழுந்திருக்கவில்லை. கனகராஜ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதையும், பெயரை எடுத்தது தப்புதான் என்பதையும் மறைக்காமல் சொன்னான். அண்ணன் உருகிவிடுவான் என்று மலர் எதிர்பார்த்தாள்.

“எடுத்ததுல எனக்குக் கோபம் இல்ல மாப்ள,” என்றான் லிங்கேஸ்வரன். “எடுத்த பிறகுதான் அதுல என்ன எழுதியிருக்குன்னு தேடிப் படிச்சேன். வேற கருவி செய்ய மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணியிருக்கேனாம். எப்ப லா பண்ணேன்? என் பேர என்னைக் கேக்காமப் போட்டீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல.”

பெயரைச் சேர்த்தால் ஒருவனுக்குக் கோபம் வரும் என்பதைக் கனகராஜ் வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்கிறான். மிகுந்த பணிவோடு, கூடையை மண்காவலுக்கு எடுத்துக்கொள்ளலாமா மச்சான் என்று கேட்டான்.

“அதுக்குக் கேக்க வேணாம். யாரு வேணாலும் எடுத்துக்கலாம், என்ன வேணாலும் செஞ்சுக்கலாம்னு அதுலயே எழுதி வெச்சிருக்கேன். திருப்பிக் கேக்க எனக்கே உரிமை கிடையாது. ஆள்னா அப்படி இல்ல மாப்ள. ஆளைக் கேக்கணும்.”

மலர் தட்டைப் பார்த்தாள். பழத்துக்கு மேல் அழைப்பிதழ் இருந்தது. ‘தாய்மாமன் லிங்கேஸ்வரன் மடியில்’ என்று பொன்னெழுத்தில், அண்ணன் பெயர்தான் குழந்தை பெயரைவிடப் பெரிதாக இருந்தது. அச்சடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. அவள் அண்ணனைக் கேட்கவே இல்லை. கேட்கவேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இத்தனை நாளாகக் கணவனைத் திட்டிய வாய் அப்படியே உலர்ந்தது. அவள் மெல்ல ஒரு வாழைப்பழத்தை நகர்த்தி அந்த எழுத்துகளை மறைக்கப் பார்த்தாள். அண்ணன் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, பாப்பாவ மடியில வெச்சுக்கிறியா?”

“இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க.”

“நான் கேக்குறேன்.”

“மாட்டேன்னா?”

அவன் மாட்டேன் என்று சொல்லலாம் என்பது அவளுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. “தெரியல,” என்றாள். “அழுவேன். ஆனா உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்.”

லிங்கேஸ்வரன் சேற்றுக் கையைக் கால்சட்டையில் துடைத்தான். குழந்தையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது.

“கேட்டதால சொல்றேன். எனக்கு ஊசியப் பாத்தாலே தல சுத்தும். ரத்தம் பாத்தா விழுந்துருவேன். டிப்ளோமா படிக்கிறப்ப ரத்ததானத்துக்குப் போய் விழுந்து, என்னையே தூக்கிட்டு வந்தாங்க. காதுகுத்துன்னு நீ சொன்ன நாள்ல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. எல்லாரும் மாமன் மடி, மாமன் மடின்னா, நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்?”

கூடப் பிறந்து, கூட வளர்ந்து, இது அவளுக்குத் தெரியாது. மலருக்கு அழுகை வந்துவிட்டது. சரி, வேறு எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம், நீ கஷ்டப்பட வேண்டாம் என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

“வேணாம், வெச்சுக்கிறேன்,” என்றான் அவன். “கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். மாப்ள மட்டும் பின்னால நின்னு என்னைக் கெட்டியா புடிச்சுக்கணும். முடியுமா மாப்ள?”

கனகராஜ் குழந்தையை மாமன் மடியில் இறக்கிவிட்டு, முடியும் என்றான்.