செல்லாத ஃபார்ம்

கல்லூரியில் என்னைக் காந்திமதி என்று யாரும் கூப்பிடுவதில்லை. காமெடி காந்தி. வாய் மட்டும் இல்லையென்றால் என்னை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்பார்கள். உண்மைதான், அந்த வாயை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

அப்பாவுக்கு மறைமலை நகரில் வேலை. அவருக்கு நைட் ஷிஃப்ட் வரும் வாரம்தான் எங்கள் வீட்டில் தீபாவளி. பகல் ஷிஃப்ட் என்றால் சாயங்காலம் இடுப்பு பெல்ட் கழன்று அவர் கைக்கு வந்துவிடும். ஆறு வயதிலிருந்து இதே கதை.

போன மாதம் சைக்காலஜி படிக்கும் எபி அக்கா வகுப்புக்கு வந்து, பெயர் எழுத வேண்டாத ஃபார்ம் ஒன்று கொடுத்தாள். இருபது கேள்வி, ஒன்றிலிருந்து ஏழுக்குள் டிக் போட வேண்டும்; ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஏழு என்றால் எப்போதும். முதல் பத்தும் சந்தோஷம் பற்றி. வழக்கம்போல எல்லாவற்றுக்கும் ஏழு.

அடுத்த பத்தும் சின்ன வயதைப் பற்றி. அடித்தார்களா? பூட்டி வைத்தார்களா? பொய் சொல்ல முடியவில்லை. அதற்கும் ஏழு, எல்லாவற்றுக்கும் ஏழு. கடைசியில், பேச விரும்பினால் போன் நம்பர் எழுதலாம் என்றிருந்தது. எழுதினேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரிடம் சொல்லிவிட்டேன்.

வரும் திங்கட்கிழமை அப்பா பகல் ஷிஃப்டுக்கு மாறுவார். அதற்குள் கூப்பிடு, கூப்பிடு என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பொறுக்க முடியாமல் நேரே போய்க் கேட்டேன்.

“அக்கா, நம்பர் எழுதினவங்களைக் கூப்பிட்டீங்களா?”

“ரெண்டு பேர். கூப்பிட்டாச்சு.”

“மூணாவதா யாரும் இல்லையா?”

“ஓ, அதுவா! இருபதுக்கும் வரிசையா ஏழு போட்ட லூசு. படிக்காமலே டிக் அடிச்சிருக்கா. அந்த மாதிரி ஃபார்ம் செல்லாது, தூக்கிப் போட்டுடணும். உன் ஃப்ரெண்டா?”

நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. “ஆமாக்கா, சரியான பேஜார் கேஸு.”

அவளும் சிரித்தாள். “இந்தா, புது ஃபார்ம். இந்தத் தடவையாவது படிச்சுப் போடச் சொல்லு. எல்லாரும் உன்னை மாதிரி ஜாலியா இருந்தா எனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?”

செவ்வாய்க்கிழமை முழுக்கை சுடிதார் போட்டுக்கொண்டு போய் அந்த ஃபார்மைக் கொடுத்தேன். அடித்தார்களா? ஒன்று. பூட்டி வைத்தார்களா? இரண்டு. அப்புறம் ஒன்று, இரண்டு, ஒன்று. நம்பர் எழுதவில்லை.

எபி அக்கா மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“ம். இது செல்லும்,” என்றாள்.