பதினோரு குடம்

ராஜப்பனின் கார் கொதித்துக்கொண்டு வந்து நின்ற இடம், ஓசூரில் பெங்களூர் ரோட்டோரம் தகரக் கூரை போட்ட சென்றாயனின் பட்டறை. இரண்டே பேர் உட்காரும் பச்சை நிறச் சீமைக் கார், மேலே மூடி கிடையாது. உலகச் சண்டைக்கு முன்னால் கப்பலில் வந்தது. சென்றாயன் அந்தக் காரை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் அதன் முன்விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும் என்பது வரை நஞ்சம்மா சொல்லிச் சொல்லி அவனுக்கு மனப்பாடம்.

நஞ்சம்மா அவன் மனைவி. ராயக்கோட்டை போகிற வழியில், மேட்டின் மேல் இருக்கிற சேரியில் அவள் இருந்தாள். அவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வருவான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சித்திரையில் சேரிக் குட்டை வறண்டுபோயிற்று. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இருந்தது ஊர்ப் பண்ணைக்காரன் ராஜப்பனின் கிணற்றில் மட்டும்தான். சேரிக்காரர்கள் அதில் கயிறு போடக் கூடாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும். ஊர்க்காரர் யாராவது இறைத்து மேலிருந்து ஊற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அன்றைக்கு அவர்கள் மகள், இரண்டு வயதுச் செல்லிக்கு வாந்தியும் பேதியும். வீட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நஞ்சம்மா குடத்தை வைத்துவிட்டு நின்றாள். ராஜப்பன் அப்போதுதான் வாங்கிவந்த இந்தக் காரைப் பண்ணையாளை விட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். குழந்தைக்கு முடியவில்லை என்று கெஞ்சியவளிடம், "காரு கழுவி முடியட்டும்" என்றான். பதினோரு குடம் காருக்குப் போயிற்று. பன்னிரண்டாவது குடம் நஞ்சம்மாவுக்கு. அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது செல்லிக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

ராஜப்பனைக் கொன்றுபோட வேண்டும் என்று சென்றாயன் நினைத்ததுண்டு. கொன்றால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும், அது எந்த மூலைக்கு? போன வருஷம் சர்க்கார் சேரிக்கென்று தனிக் கிணறு வெட்டிக் கொடுத்ததும் அவனுக்கு வேறு ஆசை வந்தது. இந்தக் கிணற்றடியில் ராஜப்பன் பாத்திரத்தோடு எட்டி நிற்க வேண்டும், தண்ணீர் கேட்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்காமல் சாகக் கூடாது என்று வைராக்கியம் வைத்திருந்தான்.

ராஜப்பனுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. பதினான்கு வயதில் பெங்களூருக்கு ஓடிப்போய், சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரிகளுக்கு ஈயம் பற்றவைக்கக் கற்றவன் சென்றாயன். தவிரவும், சேரிக்காரர் முகத்தைப் பார்க்கிற வழக்கம் அந்த மனிதனுக்கு எப்போதுதான் இருந்தது!

ரேடியேட்டர் கொஞ்சம் ஒழுகியிருக்கிறது. லாரிக்காரர்கள் அவசரத்துக்கு ஒரு சிட்டிகை கேழ்வரகு மாவைப் போட்டு ஓட்டத்தை நிறுத்துவார்கள். அதைக் கேட்டுவிட்டு ராஜப்பன் ஒரு படி மாவைக் கொட்டியிருந்தான். ஓட்டையோடு சேர்ந்து குழாய்களும் அடைத்துக்கொண்டன. காருக்குள்ளே களி கிண்டி வைத்திருந்தான் மகராசன். லாரி ரேடியேட்டர் ஒன்றை வெட்டிப் பொருத்திவிடலாம் என்று சென்றாயன் சொல்லிப் பார்த்தான். ராஜப்பன் துள்ளிக் குதித்தான். வியாழக்கிழமை நான்கு மணிக்குப் பெங்களூர் துரை ஒருவர் அவன் வீட்டுக்கே வந்து காரைப் பார்க்கப் போகிறார். கப்பலில் வந்த சாமான் ஒன்றுகூட மாறியிருக்கக் கூடாதாம். மாறாமல் இருந்தால் தன்னுடைய புத்தம்புதுப் பெரிய காரைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்வாராம்.

நான்கு நாள் வேலை. ரேடியேட்டரின் மேல்தொட்டியையும் அடித்தொட்டியையும் கழற்றி, ஒவ்வொரு குழாயாகத் தட்டைக் கம்பி விட்டு மாவை நோண்டி எடுத்தான். புளி போட்டுத் தேய்த்தான். நவச்சாரம் தொட்டு, ஈயம் வைத்து, பழையபடி பூட்டினான். வேலையில் குறை வைக்க அவன் கை ஒப்பவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அடித்தொட்டியின் மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டான். அதை அரக்கு உருக்கி அடைத்தான். மேலே கறுப்பு மை பூசினான்.

மேல்தொட்டியில் வைத்திருந்தால் ஓசூர் எல்லை தாண்டுவதற்குள் அரக்கு இளகியிருக்கும். அடித்தொட்டிக்கு ஆறிய தண்ணீர்தான் வரும். சமதரையில் ஓடும்வரை அது வெதுவெதுப்புக்கு மேல் போகாது. ராஜப்பன் வீட்டுக்குப் போகிற வழியில், சேரிக்கு ஏறுகிற ஒன்றரை மைல் மேட்டில்தான், அதுவும் உச்சி வெயிலுக்குப் பிறகு, அது கை வைக்க முடியாமல் சுடும். பத்து வருஷமாக லாரிகளின் அடித்தொட்டியைத் தொட்டுப் பார்த்த விரல் அவனுடையது.

வியாழக்கிழமை காலை ராஜப்பன் கண் முன்னாலேயே ரேடியேட்டரைத் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் காட்டினான். ஒரு குமிழி வரவில்லை. பச்சைத் தண்ணீருக்கு அரக்கு அசையுமா? ராஜப்பனுக்குத் திருப்தி. பிறகு தோட்டிக்குப் போடுவது போல எட்ட நின்று ஒரு பீடிக் கட்டைப் போட்டான். காரில் பூட்டியதும், ஓசூரில் சிநேகிதர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சென்றாயன் ஈயமும் இரும்பும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறினான். எட்டி நின்று தண்ணீர் கேட்டுவிட்டான் என்றால் ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்று அப்போது நினைத்திருந்தான்.

நஞ்சம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கிணற்றடியில் எருமையைக் கழுவ ஆரம்பித்திருந்தாள். அவன் வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் கார் வந்தது. மேட்டு முனையில் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அடியில் தண்ணீர் கொட்டியது. சென்றாயன் கணக்குப் போட்ட புளியமரத்துக்கும் கார் நின்ற இடத்துக்கும் பத்தடிகூட இல்லை.

ராஜப்பன் இறங்கி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஆண்கள் எல்லோரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். பின்சீட்டு இல்லாத காரின் இடுக்கிலிருந்து ஒரு டின்னை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தான்.

மூன்று வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தையோடு சென்றாயன் எழுந்தான். அதற்குள் நஞ்சம்மா பேசிவிட்டாள்.

"டின்ன கீழ வெச்சிட்டு எட்டி நில்லுங்க."

ராஜப்பனுக்குப் புரியவில்லை. அவசரம், நாலு மணிக்கு ஆள் வருகிறது என்றான்.

"எரும கழுவி முடியட்டும்," என்றாள் நஞ்சம்மா.

கயிறும் குடமும் அவள் கையில். அவன் டின்னைக் கீழே வைத்தான். எட்டி நின்றான். வெயில் பிடரியில் அடித்தது. நஞ்சம்மா நிதானமாக இறைத்து, எருமையின் கொம்பிலிருந்து வால் வரை ஊற்றினாள். மூன்றாவது குடத்துக்கு அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஏழாவது குடத்துக்குச் செருமினான். சென்றாயன் மரத்தடியில் ஒவ்வொன்றாக எண்ணினான். எண்ண எண்ண நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். பதினொன்று முடிந்ததும், பன்னிரண்டாவது குடத்தை அவள் மேலிருந்து டின்னில் ஊற்றினாள்.

ராஜப்பன் ஓடிப்போய் ரேடியேட்டரில் ஊற்றினான். மேலே போனது கீழே வந்தது. சரிவில் ஓடிக் கிணற்றோரப் பள்ளத்தில், எருமை கழுவிய தண்ணீரோடு சேர்ந்தது. காலி டின்னோடு திரும்பியபோதுதான் வேப்பமரத்தடியில் இருந்தவன் அவன் கண்ணில் பட்டான்.

"டேய், நீ ஓசூர் பட்டறைக்காரன்தான? ஒட்டு விட்டுப் போச்சுடா. ஒட்ட முடியுமா?"

"முடியும்."

நஞ்சம்மா சென்றாயனைப் பார்த்தாள். அவன் நகக்கண்ணில் சிவப்பாக ஒட்டியிருந்த அரக்கைப் பார்த்தாள்.

சென்றாயன் கேட்டான். "எங்க கொழந்த பேரு செல்லி. மூணு வருசத்துக்கு முந்தி, சித்திரையில, உங்க கெணத்தடியில இவ தண்ணிக்கு நின்னா. நீங்க காரு கழுவினீங்க. நெனப்பு இருக்குதுங்களா?"

ராஜப்பன் நஞ்சம்மாவின் முகத்தைப் பார்த்தான். உண்மையாகவே யோசித்தான். "எந்தச் செல்லி?" என்றான்.

அவன் நடிக்கவில்லை. அது சென்றாயனுக்கு நன்றாகத் தெரிந்தது. தான் மூன்று வருஷம் சுமந்த பகலை, இவன் அன்றைக்குச் சாயங்காலம் வரைகூட வைத்திருக்கவில்லை. பையின் முடிச்சைத் தொட்டிருந்த விரலை அவன் எடுத்துவிட்டான்.

"எப்படா ஒட்டுவ? மணி ஆகுது."

சென்றாயன் நஞ்சம்மாவைப் பார்த்தான். அவள் பள்ளத்தைப் பார்த்தாள். கழுவி நிறுத்திய எருமை அங்கே இறங்கி, காரிலிருந்து ஓடிவந்த தண்ணீரின் சேற்றில் கழுத்து வரை புரண்டுகொண்டிருந்தது.

"மறுக்கா அழுக்காயிருச்சி," என்றாள். எருமையை ஓட்டிவந்து நிறுத்தினாள். குடத்தைக் கிணற்றில் இறக்கினாள்.

ராஜப்பன் டின்னைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே எட்டிப்போய் நின்றான்.

"ஒண்ணு," என்றான் சென்றாயன்.