ஏகாதசியும் இருபது மில்லிகிராமும்

பஞ்சாங்கத்தில் என்ன சந்தேகம் என்றாலும் எங்கள் சித்திரை வீதியில் என் கணவர் சேஷுவிடம்தான் வருவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஒரு மாத்திரைச் சீட்டைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை.

நுரையீரல் அழற்சிக்காக ஆறு மாதமாகத் தினமும் இருபது மில்லிகிராம் ஸ்டீராய்டு சாப்பிடுகிறார். சீட்டில் 'காலை, சாப்பிட்ட பிறகு' என்று எழுதியிருந்தது. வைகுண்ட ஏகாதசியன்று உபவாசம். சாப்பிடாததால் மாத்திரையும் போடவில்லை. மறுநாள் பாரணை சாப்பிட்டு விரதத்தை முடித்தபோது உடம்பு லேசாக இருந்ததாம். கடுகத்தனை மாத்திரை, இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று அதோடு விட்டுவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை வாந்தி எடுத்தார். எழுந்தவர் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் காவேரிப் பாலத்து நெரிசலில் நின்றபோது, "ஏன்னா, ஏன்னா" என்று கத்தினேன். கண்ணைத் திறக்கவில்லை. போய்விடுவாரோ என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று டாக்டர் நிஷா கேட்டதும் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். அன்றையதையும் சேர்த்து ஐந்து கூடுதலாக இருந்தது.

"ஏம்மா, இது சாதாரணத் தலைவலி மாத்திரைன்னு நினைச்சீங்களா? உடம்பே தினமும் சுரக்கிற சமாசாரம் இது. ஆறு மாசமா மாத்திரையில வந்ததால உடம்பு சுரக்கிறதை நிறுத்திடுச்சு. இப்ப மாத்திரையும் இல்லைன்னா பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்துங்க. குறைக்கறதா இருந்தா நாங்க சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

நிறுத்தியது அவர், திட்டு வாங்கியது நான். முப்பத்தைந்து வருஷமாக இப்படித்தான்.

ஊசி போட்டு, சலைன் ஏற்றி, மத்தியானம் கண் திறந்தார். நடந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"வைஜயந்தி, சந்தியாவந்தனம் காலம் தப்பினா ப்ராயச்சித்தமா கூடுதலா ஒரு கை ஜலம் அர்க்யம் விடறோமோன்னோ? அது மாதிரி விட்டுப்போன அஞ்சையும் இப்போ சேர்த்துப் போட்டுண்டுடறேனே?"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அவர் கை நீட்டுவதற்குள் அட்டையை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதேன். நர்ஸ் பதறி ஓடிவந்தாள்.

"என்னாச்சும்மா சாருக்கு?"

"ஒண்ணும் ஆகலை. பழையபடி ஆயிட்டார்" என்றேன்.