துத்தி ஐந்தா, இரண்டா

தாலுகா அலுவலகத் தலைமை எழுத்தர் கூத்தையாவுக்கு மூலநோய் என்ற செய்தி ராமநாதபுரம் முழுக்கப் பரவியதற்கு அவருடைய மனைவி ராமலெட்சுமிதான் காரணம். அந்த அம்மாள் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. போன ஊரிலெல்லாம், "இங்கன துத்திச்செடி எந்தப் பக்கம் நிக்கும்?" என்று விசாரித்தார், அவ்வளவுதான். துத்தியிலையை விளக்கெண்ணெயில் வதக்கி எதற்குக் கட்டுவார்கள் என்பது அந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரியும். கேட்கிற அம்மாள் திடகாத்திரமாக இருக்கிறார். பக்கத்தில் புருஷன் குடையைப் பிடித்தபடி முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார். வேறு யாருக்கு இருக்கும்?

ராமலெட்சுமி கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகத் துத்தியைக் கையிலெடுத்தார். கடற்கரைச் சீமையில் அந்தச் செடி ஓரிடத்தில் ஆள் உயரம் நிற்கும், இன்னோரிடத்தில் முழங்காலைத் தாண்டாது. தோப்பில் உள்ளங்கை அகலம் இருக்கிற இலை, உப்பளத்து ஓரத்தில் எலிக்காதாகச் சுருங்கி வெல்வெட்டுப் போல மெத்தென்று இருக்கும். சென்னையில் ஒரு பேராசிரியர் இவற்றையெல்லாம் ஐந்து இனங்களாகப் பிரித்திருந்தார். அதில் சாயல்குடிக் குட்டைத்துத்தி அவரே கண்டுபிடித்துப் பெயர் சூட்டியது. ராமலெட்சுமியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியும் அவரேதான்.

"எனக்கென்னமோ ரெண்டு இனந்தான் தெரியுதுங்க" என்றார் ராமலெட்சுமி, கூத்தையாவிடம். "மத்ததெல்லாம் மண்ணும் தண்ணியும் பண்ற கூத்து."

"இதை அவருகிட்டச் சொன்னியா?"

"வெறும் வாயால சொன்னா அடிக்க வந்துருவாரு. அஞ்சு எடத்து விதையையும் நம்ம கொல்லையில ஒண்ணா வெதைச்சு, ஒரே தண்ணியை ஊத்தி வளர்ப்போம். அப்பவும் அஞ்சு மாதிரி நின்னா அவரு சொன்னது சரி."

விதை சேர்க்க உச்சிப்புளிக்குப் போன அன்று, மஹ்மூது பாயின் டீக்கடையில் கூத்தையா பெஞ்சில் உட்காரப் போனார். பாய் ஓடிவந்து தடுத்தார்.

"அந்தக் கட்டைப் பலகை வேணாம் சார்." கோணிச்சாக்கை நாலாக மடித்து, மேலே தன் துண்டையும் விரித்தார். "இப்ப குந்துங்க. காரம் ஆகாது, டீயும் ஆகாது. மோரு கொண்டாரச் சொல்லவா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல பாய்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. அல்லாஹ் குணமாக்குவான்."

கூத்தையா மோரைக் குடித்தார். வீட்டுக்கு வந்ததும், இனிமேல் துத்தி என்ற சொல்லைத் தன் காதுபட யாரும் சொல்லக்கூடாது என்றார். ராமலெட்சுமி சரியென்றார். ஆனால் சாயல்குடி விதைதான் பாக்கி. காய் வெடித்துச் சிதறுவதற்குள் போயாக வேண்டும். தனியாகப் போகிறேன் என்று அவர் பையை எடுத்து வைத்ததைப் பார்த்ததும் கூத்தையாவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் தாசில்தாரிடம் போய் நின்றார்.

"செடி பார்க்கவெல்லாம் லீவு கிடையாது" என்றார் தாசில்தார்.

கூத்தையா மேசையைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். "உடம்புக்கும் கொஞ்சம் முடியல சார்" என்றார்.

தாசில்தாரின் முகம் இளகிவிட்டது. "கேள்விப்பட்டேன். ஒரு வாரம் எடுத்துக்குங்க. சைக்கிள் மட்டும் மிதிக்காதீங்க."

ஊர் பேசியதற்குத் தானே முத்திரை குத்திவிட்டுக் கூத்தையா சாயல்குடி போய்வந்தார். விதைகளைக் குட்டிக் குட்டிப் பொட்டலமாகக் கட்டி, இடத்தின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். கொல்லையில் ஐந்து பாத்தி கட்டினார்கள். செடி தழைத்து வந்தபோது அடுத்த வினை வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் வேலிக்கு மேலே கைகள் நீண்டன. காதும் காதும் வைத்த மாதிரி நோயை மறைத்து வாழ்ந்த பெரிய மனிதர்களெல்லாம் இலை பறிக்க வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கூத்தையா வாசலில் தனியாக ஒரு துத்திப் புதர் வளர்த்தார். "கொல்லைப் பக்கம் கை வைக்காதீக, எல்லாருக்கும் இங்கன இருக்கு" என்று தெருவில் நின்று சொன்னார். பக்குவம் கேட்டவர்களுக்குப் பக்குவமும் சொன்னார்.

பூப்பூத்த பருவத்தில் பேராசிரியர் ரயிலில் வந்து இறங்கினார். நேரே கொல்லைக்குப் போனார். நாலு பாத்தியில் செடிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நின்றன. ஐந்தாவதில் மட்டும் தண்டு விரலில் பிசுபிசுத்தது, மஞ்சள் பூவின் நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு இருந்தது. அந்த நாலில் ஒன்றான சாயல்குடிக் குட்டை, நல்ல தண்ணீர் கண்டதும் அவருடைய தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

"விதை கலந்துபோச்சும்மா" என்றார் பேராசிரியர்.

கூத்தையா முன்னால் வந்தார்.

"ஐயா, இந்த விதைக்காக நான் ஊர் ஊரா மூலக்காரன்னு பேரு வாங்கியிருக்கேன். ஆபீஸ்ல ஒத்துக்கிட்டு லீவு போட்டிருக்கேன். கலியாண வீட்டுப் பந்தியில எனக்கு மட்டும் தலகாணி போடுறாங்க. இவ்வளவும் பட்டுட்டு அதைக் கலக்க விட்டிருப்பனா?"

பேராசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். இலையைத் தடவினார், காயைப் பிளந்தார், லென்சு வைத்துப் பார்த்தார். வெயில் உச்சிக்கு ஏறியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டுதான்" என்றார். "நான் வெச்ச பேரை நானே அடிச்சிடறேன். அடுத்தவன் அடிச்சா அசிங்கம்."

சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று இரண்டு தடவை சொன்னார். ஆனால் மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

அவரை ரயிலேற்றிவிட்டுக் கூத்தையா திரும்பி வந்தபோது ராமலெட்சுமி பாத்தி ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"செயிச்சவ மொகமா இது?"

"அந்தக் குட்டைச்செடி தனி இனமா இருந்திருக்கலாம்ங்க. அஞ்சுல எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சது."

கூத்தையா பக்கத்தில் உட்கார்ந்தார். "பேருதான போச்சு. செடி சாயல்குடி உப்பளத்துல நிக்கத்தான் செய்யுது. ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வருவமா?" என்றார்.

"மறுபடியும் எதாவது சொல்லுவாகளே."

"சொல்லட்டும்" என்றார் கூத்தையா.