ஆவி ஏறும் பாத்திரம்

தாடையில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த லாரிக்காரருக்கு எதையும் மெல்ல முடியவில்லை. வாய் பாதிதான் திறந்தது. நாக்கால் நசுக்கி விழுங்குகிற பதத்தில் எதைக் கொடுத்தாலும் சரி என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். சொல்வது சுலபம். சமைக்க வேண்டியவள் அவர் மனைவி. பகலெல்லாம் திரைச்சீலை தைக்கும் கடையில் மிஷின் மிதித்துவிட்டு, கால் வீங்கி வீடு வருகிறவள்.

அவள் படும் பாட்டைப் பார்த்து, கொழுந்தன் ஆவியில் வேகவைக்கும் ஸ்டீம் ஓவன் ஒன்றை வாங்கிவந்து இறக்கினான்.

"இதுல வச்சிட்டு நீங்க பாட்டுக்குப் படுத்துக்கலாம் அண்ணி. தானா வெந்துரும்."

கட்டிலில் சாய்ந்திருந்த லாரிக்காரர் வாயைக் கோணிக்கொண்டு, "ஆவி போறதுக்குள்ள எனக்கு ஆவி காட்டிடணும்னு பாக்குறான்" என்றார். குழறலாக வந்தாலும் இருவருக்கும் புரிந்தது. கொழுந்தன் சிரித்தான். அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

படுத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆழமான எவர்சில்வர் பாத்திரத்தில் கேரட்டைக் கழுத்துவரை போட்டு, கனத்த மூடியால் மூடி வைத்தாள். மூடினால் சீக்கிரம் வேகும் என்பது அவள் கை பழகின வழக்கம். ஓவன் மணியடித்ததும் கரண்டியால் கிளறினாள். நடுவில் எல்லாம் நறுக்கின மாதிரியே கிடந்தது. மறுபடி வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள்.

அடுத்து லேசாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் டப்பாவில் பூசணியை வைத்தாள். டப்பா ஒரு பக்கமாக இளகிச் சரிந்து, பூசணியில் அந்த வாடை ஏறிவிட்டது. குப்பையில்தான் கொட்டினாள். பிறகு ஓவனோடு வந்த ஓட்டைத் தட்டில் மீனை வைத்தாள். பூவாய் வெந்தது. ஆனால் சாறெல்லாம் ஓட்டை வழியே கீழே ஒழுகிப்போயிருந்தது. உலர்ந்த மீன் லாரிக்காரரின் தொண்டையில் மாட்டிக்கொள்ள, அவர் கண் சிவக்க இருமித் தீர்த்தார். அதற்குப் பிறகு ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சட்டை அவர்மேல் கொடியில் தொங்குவதுபோல் தொங்கியது.

விடுமுறை நாள் மத்தியானம் நாத்தனார், லாரிக்காரரின் அக்கா, வந்து நின்றாள், தோளில் கனத்த பையோடு. இருவருக்கும் பேச்சு நின்று வெகு நாளாகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாடியும், "வீட்டுல வாய்க்கு ருசியா ஆக்கிப்போட்டிருந்தா அவன் கண்ட கடையில தின்னு இந்தக் கதிக்கு வந்திருப்பானா" என்று கேட்டவள் இவள்.

"சின்னவன் சொன்னான், இவன் சாப்பிட மாட்டேங்குறானாமே" என்றாள் நாத்தனார், யாரையும் பார்க்காமல். "எங்கிட்ட இருந்த பாத்திரத்தையெல்லாம் அள்ளிட்டு வந்தேன்."

வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே. அவள் வழிவிட்டாள்.

நாத்தனார் தடித்த பீங்கான் கிண்ணத்தில் முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, தட்டால் மூடி வைத்தாள். மணி அடித்தபோதும் அது தண்ணியாகவே ஆடியது.

"என்ன எழவு பெட்டி இது" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் தினம் இதே கதைதான் அண்ணி."

வாயிலிருந்து அண்ணி என்று வந்துவிட்டதை அவளே பிறகுதான் கவனித்தாள்.

அன்றைக்கும் கேரட்டை அதே ஆழப் பாத்திரத்தில் மூடியோடு உள்ளே வைத்து, கொஞ்ச நேரம் விட்டுக் கதவைத் திறந்தாள். புகைபோல் ஆவி முகத்தில் அடித்து விலகியது. மூடியின் வெளிப்பக்கம் முழுக்க வியர்த்து, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே ஈரமே இல்லை.

"உள்ள போகவே இல்ல அண்ணி. ஆவி வெளியவே நின்னுட்டு இருந்திருக்கு. அடுப்புன்னா சூடு கீழேருந்து வரும். இதுல சுத்தி வருது. நாம கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கோம்."

நாத்தனார் பையைக் கவிழ்த்தாள். அகலமான, விளிம்பு தாழ்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்று அகப்பட்டது. அதில் மீனைப் பரப்பி, மூடாமல், சுற்றிலும் இடம்விட்டு வைத்தார்கள். சாறு தட்டிலேயே தங்கியது. கேரட்டை மெல்லிசாக நறுக்கி ஓட்டைத் தட்டில் பரப்ப, விரலால் அழுத்தினால் மசிந்தது. பீங்கானுக்குப் பதில் மெல்லிய எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிய முட்டை சீக்கிரமே இறுகியது. மேலேயிருந்து தண்ணீர் சொட்டி அதைக் குழியாக்கியதால், அடுத்த கிண்ணத்துக்கு மட்டும் மேலே ஒரு பட்டர் பேப்பரைக் கூரைபோல் லேசாகப் போட்டார்கள்.

மீனைச் சாறோடு பிசைந்து அவள் நீட்டினாள். லாரிக்காரர் அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், வாயைத் திறந்தார். விழுங்கினார். இருமல் வரவில்லை.

"உப்பே இல்ல" என்றார்.

"குடுத்ததைத் தின்னுடா" என்றாள் அக்கா.

அவர் பாதித் தட்டு சாப்பிட்டார். வராந்தாவில் சொன்ன வார்த்தையை நாத்தனார் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அது உள்ளே இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். சிங்க்கில் பாத்திரம் மலையாய்க் கிடந்தது. எழுந்திருக்க நினைத்துக் கட்டில் காலில் தலையைச் சாய்த்தவள், அப்படியே கண்ணயர்ந்தாள். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் எங்கேயோ கேட்டது. யார் கழுவுகிறார்கள் என்று கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.